வலப்பக்கத்துப் பட்டை

டெல்பர்ட் ஸ்ட்ரிக்லருக்குக் கோணல் என்றாலே ஆகாது. ஓஹையோவின் கிழக்கு மூலையில், மோதி நசுங்கிய வண்டிகளை அடித்து நிமிர்த்தும் பட்டறையிலேயே ஆயுளைக் கழித்த மனிதர். சர்ச்சில் எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது இவர் மட்டும் சுவரில் மாட்டிய பலகை இடப்பக்கம் இறங்கியிருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஜெபம் முடிந்ததும் நாற்காலி போட்டு ஏறி அதைச் சரிசெய்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார். பக்கத்து வீட்டு வேலி, எதிர் வீட்டுத் தபால் பெட்டி, எதையும் விட்டுவைத்ததில்லை. அப்பேர்ப்பட்டவரின் கராஜில், அவரே துரு சுரண்டி, தகடு வைத்து, பச்சை வண்ணம் அடித்த அறுபத்தொன்பதாம் வருடத்து டார்ட் கார் ஒருக்களித்து நின்றது. பின்பக்கம் வலது ஓரம் தூக்கியிருந்தது.

தூக்க வைத்தவள் அவருடைய மகள் கொரின்.

வண்டி அவருடையது, ஓட்டப்போவது அவள். இடுப்பு மூட்டு மாற்றியதிலிருந்து டெல்பர்ட்டின் இடது காலால் கிளட்ச்சை மிதிக்க முடியவில்லை. கொரின் கவுண்ட்டி சாலைத் துறையில் வேலை பார்க்கிறாள். குளிர்காலம் முழுக்கப் பனி தள்ளும் லாரி, மற்ற நாளில் குழி அடைக்கும் வண்டி. ஊருக்கு வெளியே கால் மைல் நேர்ப்பாதையில் இரண்டிரண்டு வண்டியாகச் சீறிப் பாயும் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் முதன்முறையாக அவள் ஓட்ட இருந்தாள். அதற்கு முன்னால் பின்சக்கரங்களைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்கை மாற்றியாக வேண்டும். பழைய பட்டைகள் தொய்ந்துபோய்ப் பல நாளாயிற்று.

எந்தப் பட்டை என்பதில்தான் வீடு இரண்டுபட்டது. கராஜ் தரையில் இரண்டு ஜோடி கிடந்தன. ஒன்று டெல்பர்ட் வாங்கி வந்தது. இரண்டு பக்கத்துக்கும் அச்சு அசலாக ஒரே மாதிரியான, இரும்புப் பட்டைகளை அடுக்கிய கனத்த கட்டு. மற்றது கொரின் தருவித்தது. அதில் வலப்பக்கத்துக் கட்டில் பட்டையும் கூடுதல், வளைவும் கூடுதல். பக்கத்துத் தெரு ஓடெல் மேப்ரி, இதே மாதிரி டார்ட்டை வருடக்கணக்கில் ஓட்டி வருபவர், இரண்டுக்கும் நடுவில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"யோவ் டெல்பர்ட், மிதிச்ச உடனே இஞ்சின் முறுக்குற முறுக்குல பின் அச்சு என்ன செய்யும்? இடது டயரைத் தரையில அமுக்கும். வலது டயரைத் தூக்கப் பாக்கும். அமுங்கின டயர்தான் தள்ளும். இடது மட்டும் தள்ளினா வண்டி எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டார் ஓடெல்.

"வலப்பக்கம்" என்றாள் கொரின்.

"வலப்பக்கம் என்ன இருக்கு?"

"சுவர்."

"அதான். வலது பட்டை விறைப்பா நின்னு அந்த டயரைத் தரையோட பிடிச்சு வெக்கணும்."

டெல்பர்ட் தாடையைச் சொறிந்தார். "நிக்கும்போதே நொண்டுற வண்டி ஓடும்போது நேராப் போகும்னு சொல்றீங்க. நல்லா இருக்குய்யா உங்க நியாயம். இந்தக் கையில எத்தனை வண்டியை நிமித்தியிருக்கேன் தெரியுமா?"

"அடிபட்ட வண்டியை நிமித்தினேப்பா. இது அடிபடாம இருக்கறதுக்கு" என்றாள் கொரின்.

அந்தப் பந்தயக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வண்டியில் எதை எவர் மாட்டினாலும் சரி, பின்பட்டை விஷயத்தில் ஸ்டியரிங் பிடிப்பவர் சொன்னதுதான் முடிவு. பச்சை விளக்கு விழுந்ததும் முதுகில் விழும் உதை அவருக்குத்தானே. டெல்பர்ட்டும் தன் காலத்தில் இந்த வழக்கத்தைக் காட்டிப் பல பேர் வாயை அடைத்தவர். ஆகவே மறுப்பு சொல்ல வழியில்லாமல், கொரின் தேர்ந்தெடுத்த ஜோடியைத் தானே மாட்டிக் கொடுத்தார். மாட்டி முடித்துவிட்டுச் சாய்ந்து நின்ற வண்டியைப் பார்க்கப் பிடிக்காமல் விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

அத்தோடு போயிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது.

வெள்ளிக்கிழமைகளில் ஐஸ்கிரீம் கடை வாசலில் ஊரின் பழைய வண்டிகளெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஆட்கள் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அடுத்தவன் வண்டியில் குறை கண்டுபிடிப்பார்கள். அதற்காகவே வருகிறவர்களும் உண்டு, அவர்களில் முதல் ஆள் வெர்ன் ஹாஸ்கின்ஸ். டெல்பர்ட்டுக்கும் அவருக்கும் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே ஏழாம் பொருத்தம். வெர்ன் கையில் ஐஸ்கிரீம் வழிய டார்ட்டின் பின்னால் போய்க் குனிந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"என்ன டெல்பர்ட், உன் வண்டிக்கும் இடுப்பு ஆபரேஷன் பண்ணிட்டியா?"

வாசலே சிரித்தது. டெல்பர்ட்டும் சிரிக்கிற மாதிரி உதட்டை இழுத்தார். திரும்பிப் பார்த்தால் கொரினும் சிரித்துக்கொண்டிருந்தாள். வெர்ன் சிரித்தது அவருக்கு உறைக்கவில்லை. மகள் சிரித்ததுதான் சுருக்கென்று தைத்தது. அவள் ஒரு நல்ல நகைச்சுவைக்குச் சிரித்தாள், அவ்வளவுதான். ஆனால் அடிபட்ட மனசு கணக்கை வேறு மாதிரிப் போடும்.

மறுநாள் காலையில் கொரின் குழி அடைக்கப் போன பிறகு டெல்பர்ட் டார்ட்டின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். வலது கட்டைப் பிரித்து, நடுவிலிருந்து ஒரு பட்டையை உருவினார். மிச்சத்தைச் சேர்த்து இறுக்கி வண்டியை இறக்கினார். பின்னால் பத்தடி தள்ளி நின்று பார்த்தார். வண்டி தட்டு மாதிரி நின்றது. வயிறு குளிர்ந்துபோயிற்று மனிதருக்கு. இது வெர்னுக்காகச் செய்ததல்ல, பிள்ளையின் பத்திரத்துக்காகச் செய்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சமமாக நிற்பது சமமாகத்தானே ஓடும் என்றும் சொல்லிக்கொண்டார். அவ்வளவு நிச்சயமாக இருந்தவர், கொரின் வருவதற்குள் வண்டியைக் கம்பிக் கயிறு போட்டு டிரெய்லரில் ஏற்றி, பின்பக்கம் இரண்டு புறமும் வாரைப் போட்டு இழுத்துக் கட்டிவிட்டார். அப்படிக் கட்டினால் எந்தப் பட்டை எவ்வளவு தூக்குகிறது என்று யாருக்கும் தெரியாது.

"ஏத்தியே வெச்சுட்டியாப்பா? இடுப்பை வெச்சுக்கிட்டு உனக்கு ஏன் இந்த வேலை?" என்றாள் கொரின். அவர் கன்னத்தில் தார் வாசனையோடு ஒரு முத்தம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் நன்றாக அடித்தது. டெல்பர்ட்டின் டிரக்கில் டிரெய்லரை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். வண்டிகளை நிறுத்துமிடம் மேடும் பள்ளமுமான புல்வெளி. அங்கே எந்த வண்டி நின்றாலும் ஏதாவது ஒரு பக்கம் சாயத்தான் செய்யும். யாரும் எதையும் கவனிக்கவில்லை. போட்டிக்கு முன்னால் ஆளுக்கு இரண்டு முறை ஓட்டிப் பார்க்கலாம். கொரினுக்கு முதலில் இடது தடம் கிடைத்தது.

பச்சை விளக்கு விழுந்தது. டார்ட் மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. பாய்ந்த வேகத்திலேயே பின்பக்கம் வழுக்கி, மூக்கு வலப்பக்கம் திரும்பி, நடுக்கோட்டை நோக்கிப் போயிற்று. அடுத்த தடத்தில் ஓடிய மஞ்சள் வண்டிக்கும் அதற்கும் இடையே இருந்த இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. கொரின் மிதியிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை ஒடித்து, எப்படியோ தன் தடத்துக்குள் திரும்பினாள். மீதித் தூரத்தை மாட்டு வண்டி வேகத்தில் கடந்தாள்.

கம்பித் தடுப்பில் சாய்ந்திருந்த ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம், "அந்தப் பொண்ணுக்குப் பனி லாரிதான் சரிப்படும்" என்றான்.

புல்வெளிக்குத் திரும்பி ஹெல்மெட்டைக் கழற்றியபோது கொரினின் உதடு வெளுத்திருந்தது. "என் தப்புதான். ஸ்டியரிங்கை ரொம்ப இறுக்கிப் பிடிச்சுட்டேன்" என்றாள்.

ஓடெல் நெற்றியைச் சுருக்கினார். "உன் கை மாதிரி தெரியலையே. இந்தப் பட்டை போட்டா இப்படி இழுக்காது. கீழ போய் ஒரு தடவை பாத்துடட்டுமா?"

"நான் பாத்தாச்சு" என்றார் டெல்பர்ட்.

சொல்லை விட்ட பிறகுதான் அது பொய் என்பது அவருக்கே உறைத்தது. அவர்கள் டிரெய்லருக்குப் பக்கத்தில் வெர்ன் ஹாஸ்கின்ஸ் வறுத்த உருளைக்கிழங்குப் பொட்டலத்தோடு நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆள் மட்டும் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் டெல்பர்ட் உண்மையைச் சொல்லியிருப்பாரா? சொல்லியிருப்பார் என்று பின்னால் அவர் நினைத்துக்கொண்டதுண்டு. எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை.

"அப்பா பாத்துட்டார்னா விடுங்க ஓடெல். அதுக்கு மேல என்ன?" என்றாள் கொரின். தண்ணீர் பாட்டிலை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். "அடுத்த தடவை காலை எடுக்க மாட்டேன். பயந்து எடுத்ததுதான் தப்பு. அலைஞ்சா அலையட்டும், மிதிச்சுக்கிட்டே இருந்து மூணாவது கியரைப் போட்டா தானா நேராயிடும்."

டெல்பர்ட் அவசரமாகக் குறுக்கிட்டார். "இன்னிக்கு இது போதுமேம்மா. காத்து வேற அடிக்குது."

"காத்தா? கொடி கூட ஆடலையேப்பா."

ஒலிபெருக்கி அவள் எண்ணைக் கூப்பிட்டது. இந்த முறை வலது தடம். வலது தடத்தின் ஓரத்தில்தான் சுவர்.

வரிசை நகர நகர டெல்பர்ட் டார்ட்டின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டே நடந்தார். அவளுடைய தோள்வாரை இழுத்து இறுக்கி மாட்டிவிட்டார். அது அவர் வேலை. சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. இந்தப் பிள்ளை இனி அவர் முகத்தை எப்படிப் பார்க்கும்? சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நினைக்கவே அவர் தயாராயில்லை.

"கொரின், அந்தப் பட்டை இருக்கே..."

முன்னால் இருந்த வண்டி உறுமியது. கொரின் காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்று தலையாட்டினாள். கட்டை விரலை உயர்த்திவிட்டு ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். அவர் கத்தியிருக்கலாம். ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியைத் திருகியிருக்கலாம். செய்யவில்லை. ஒதுங்கித் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றார்.

டார்ட் தண்ணீரில் டயரை நனைத்துச் சுழற்றிச் சூடேற்றியது. புகை எழும்பி டெல்பர்ட்டின் முகத்தில் அடித்தது. புகைக்குள்ளிருந்து வண்டி மெல்ல முன்னேறி, கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. மேல் விளக்கு எரிந்தது. இன்னும் ஒரு சாண் நகர்ந்தால் அடுத்த விளக்கும் எரியும், அதன் பிறகு பச்சைதான். பக்கத்துத் தடத்து வண்டி ஏற்கெனவே தயாராக நின்றது. டார்ட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கலாம், அவ்வளவுதான் இடம். அவள் காலை எடுக்க மாட்டாள். எடுக்க மாட்டேன் என்று சொன்னால் எடுக்க மாட்டாள், அது அவர் வளர்த்த பிடிவாதம்.

டெல்பர்ட் தடுப்பைத் தாண்டினார். தாண்டினார் என்று சொல்வது மரியாதைக்கு. கம்பியில் வயிற்றைக் கொடுத்து, மாற்று இடுப்பு சுளீரென்று வலிக்க, மறுபக்கம் தொப்பென்று விழுந்து எழுந்தார். விளக்குக் கம்பத்தருகே நின்று ஓட்டத்தைத் தொடங்கி வைக்கும் ஆள் கையை வீசிக்கொண்டு ஓடிவந்தான்.

"யோவ், சாகணுமா உனக்கு? பின்னால போய்யா."

டெல்பர்ட் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேராக டார்ட்டின் முன்னால் போய் நின்று, பானெட்டின் மேல் இரண்டு கையையும் ஊன்றினார். தகடு கொதித்தது. கையை எடுக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஹெல்மெட் அசையாமல் இருந்தது. இஞ்சினை நிறுத்து என்று தலையை ஆட்டினார், திரும்பத் திரும்ப ஆட்டினார். கடைசியில் இஞ்சின் நின்றது. பார்வையாளர் மேடையில் அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெர்னும்தான்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பந்தயப் பொறுப்பாளர் பின்னாலேயே வந்து, தடத்துக்குள் ஆள் இறங்கினால் வண்டி போட்டியிலிருந்து வெளியே, அதுதான் விதி என்று சொன்னார். நல்ல மனுஷன். எல்லாம் முடிந்த பிறகு வேண்டுமானால் தனியாக ஒரு ஓட்டம் ஓடிக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். கொரின் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு டிரெய்லரின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நெஞ்சு வலியாப்பா?" என்று கேட்டாள். உண்மையாகவே பயந்துபோயிருந்தாள். அதுதான் டெல்பர்ட்டைக் கொன்றது.

"இல்லம்மா. வலது கட்டுல ஒரு பட்டையை உருவிட்டேன். நேத்துக் காலைல. நீ வேலைக்குப் போனப்புறம்."

ஓடெல் தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"எதுக்கு?" என்றாள் கொரின்.

"கோணலா நின்னுச்சு."

"கோணலாத்தான் நிக்கும்னு சொன்னோமே."

"சொன்னீங்க."

"வெர்ன் கேலி பண்ணினதுக்கா?"

டெல்பர்ட்டின் பார்வை வெர்ன் பக்கம் போய்த் திரும்பியது. அவள் குரலை உயர்த்தவேயில்லை. உயர்த்தியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"சரி, அந்தப் பட்டையை வீட்டுல எங்க வெச்சிருக்கே?"

"வீட்டுல இல்ல. டிரக்குல இருக்கு. சீட்டுக்குப் பின்னால, சாக்குல சுத்தி."

கொரின் நிமிர்ந்து பார்த்தாள். "இங்கயா? இங்க எதுக்குக் கொண்டாந்தே?"

இந்தக் கேள்வி வரும் என்று டெல்பர்ட் நினைத்திருக்கவில்லை. காலையில் கிளம்பும்போது எதற்காக அதைத் தூக்கி டிரக்கில் போட்டார் என்று அவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது அவள் கேட்டதும் பளிச்சென்று தெரிந்தது. அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"திரும்ப மாட்ட வேண்டி வரும்னு கொண்டாந்திருக்கே. அப்போ உனக்கு நிச்சயமில்ல. நிச்சயமில்லாமத்தான் என்னை உள்ள உக்கார வெச்சு ரெண்டு தடவை பெல்ட்டை மாட்டிவிட்டிருக்கே."

"கொரின்."

"ஓடெல் கேட்டப்போ பாத்தாச்சுன்னு சொன்னே."

"சொன்னேம்மா. தப்புத்தான்."

"நீ வெர்னுக்கு முன்னால தலை குனியக் கூடாதுன்னு நான் சுவத்துல போய் மோதியிருக்கணும். அப்படித்தானே?"

ஓடெல் எழுந்து டிரக் பக்கம் போய்ச் சாக்கு மூட்டையை எடுத்துக்கொண்டு வந்தார். போகிற வழியில் வெர்னிடம், "உருளைக்கிழங்கு ஆறிப்போச்சுன்னா வேற வாங்கிக்கோய்யா, இங்க காட்சி முடிஞ்சிருச்சு" என்றார். வெர்ன் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார்.

வண்டியைத் தூக்கி, வலது கட்டைப் பிரித்துப் பட்டையைச் சேர்த்தது கொரினும் ஓடெலும்தான். டெல்பர்ட் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள், முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு இடத்தில் பட்டைகளைச் சேர்க்கும் நடு ஆணி துளையில் இறங்காமல் படுத்தியது. அதற்கு என்ன செய்யவேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டு முறை சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டார். அவர்களே தட்டுத் தடுமாறிக் கோர்த்துவிட்டார்கள். வண்டியை இறக்கியதும் வலது ஓரம் பழையபடி தூக்கிக்கொண்டது.

போட்டியெல்லாம் முடிந்து பாதி ஜனம் கலைந்த பிறகு பொறுப்பாளர் கையைக் காட்டினார். கொரின் வலது தடத்தையே கேட்டு வாங்கினாள். இந்த முறை டெல்பர்ட்டிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கம்பித் தடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். உள்ளங்கை இரண்டும் பானெட் சூட்டில் கொப்பளித்திருந்தன.

விளக்கு விழுந்தது. சாய்ந்து நின்ற டார்ட் எழும்பியபோது அதன் இரண்டு பின்டயர்களும் ஒன்றாகத் தரையைக் கவ்வின. மூக்கு அப்படி இப்படித் திரும்பவில்லை. சுவருக்கும் வண்டிக்கும் நடுவே இருந்த இடைவெளி தொடக்கத்தில் எவ்வளவோ அவ்வளவே கடைசிவரை இருந்தது. கண்ணுக்கு எட்டும் தூரம் வரைக்கும் அவர் வண்டியைப் பார்க்கவில்லை, அந்த இடைவெளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி கோட்டைக் கடந்து மறைந்ததும் அழுதுவிட்டார். ஓடெல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொரின் திரும்பி வந்தாள். இறங்கி, கையுறையைக் கழற்றி, நேராக அவரிடம் வந்தாள். முகத்தில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை.

"கராஜ் சாவியைக் குடுப்பா."

"என் கராஜ் சாவியையா?"

"ஆமா."

அவர் சாவிக் கொத்தை எடுத்தார். கொப்பளித்த விரலால் இறுகிய வளையத்தைப் பிரிக்க முடியவில்லை. அவள் உதவி செய்யாமல் காத்துக்கொண்டு நின்றாள். ஒருவழியாகக் கழன்று வந்த சாவியை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல நான் அங்க இருப்பேன். வேலைக்கு வரணும்னா வா. கதவைத் தட்டிட்டு வா."

"தட்டறேம்மா" என்றார் டெல்பர்ட்.